தையல் இரும்பு

அறுத்த இடம் பத்தொன்பது நிமிஷத்தில் தானாக மூடிக்கொள்ளும் என்றால் அந்தக் கப்பலை எப்படித் துண்டு போடுவது? எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. இந்த வகைக் கப்பல் எதுவும் அதுவரை கவிழ்ந்ததில்லை, அதனால் யாரும் யோசித்துப் பார்த்ததும் இல்லை. கடைசியில் அது இன்னாசியின் தலையில் வந்து விடிந்தது.

‘மரகத வேணி’ கவிழ்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை, தூத்துக்குடிக்குக் கிழக்கே பதினோரு மைலில். ஏற்றியிருந்த கிரானைட் பாளங்கள் கட்டறுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிய, கப்பலும் கூடவே சரிந்து, கடலுக்கடியில் மேடாக நிற்கும் ஒரு பாறைத்திட்டின் மேல் விலாவைச் சாய்த்துப் படுத்துவிட்டது. பின்பாதி திட்டின் மேல் இருந்தது. கல் ஏற்றிய முன்பாதி திட்டுக்கு வெளியே, அடி தெரியாத ஆழத்துக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. முன்பாதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுக்கியது, பின்பாதியையும் இழுத்துக்கொண்டு.

இருபத்தொரு பேரில் பத்தொன்பது பேரை அன்றைக்கே மீட்டுவிட்டார்கள். சமையல்காரர் ஒருவர் காலையில் மேல்தளத்துப் பக்கம் போனதைப் பார்த்ததாக யாரோ சொன்னதால் அவர் கடலோடு போய்விட்டார் என்று முடிவு கட்டினார்கள். மிச்சம் ஒருவன். இரண்டாம் எஞ்சினியர் ரெக்ஸ்லின், இன்னாசியின் தங்கை ஜெனோவாவின் புருஷன்.

இன்னாசிக்கு முப்பது வருஷமாக மூழ்கிய கப்பல்களை அறுப்பதுதான் வேலை. தங்கச்சி புருஷன் உள்ளே இருக்கும்போது தலைமை ஏற்கலாமா என்று அதிகாரிகள் இழுத்தார்கள். “அப்ப நீங்க அறுங்க” என்றார் இன்னாசி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கவிழ்ந்த கப்பலின் விலாவில் ஏறி, ஒட்டுக்கேட்கும் கருவியை இரும்பில் ஒட்டவைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். எஞ்சின் கண்ட்ரோல் ரூம் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு தட்டு திரும்பி வந்தது. இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. இன்னாசி அப்படியே உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதார். அவர் அழுது அவருடைய ஆட்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கூட வந்திருந்த மாளவிகா ஓடிவந்தாள். கப்பலுக்கு இரும்பு செய்த கம்பெனி அனுப்பிய எஞ்சினியர் அவள். சென்னைக்காரி, முப்பது வயதுதான் இருக்கும்.

“சார், இது அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க? இரும்பு குளிர்ந்தாகூட இப்படித் தட்டுற மாதிரி கேட்கும்.”

“இரும்புக்கு எண்ணத் தெரியுமா மேடம்? இது எங்க கயித்துப் பேச்சு.”

சங்கு குளிக்க இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையைப் பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியுடன் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் வழக்கம். சொந்த அண்ணன் தம்பியை நம்ப மாட்டார்கள். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் என்று மச்சானைத்தான் நம்புவார்கள். கயிற்றை ஒருதரம் சுண்டினால் ‘இருக்கேன்’. இரண்டுதரம் ‘கயிறு விடு’. மூன்றுதரம் ‘இழு’. மூன்று வந்தால் மேலே இருப்பவன் யோசிக்கக் கூடாது, இழுக்க வேண்டும். வர வேண்டிய நேரத்தில் ஒன்று வராமல் போனாலும் அப்படித்தான். ரெக்ஸ்லின் கப்பல் வேலைக்குப் போகும் முன் மூன்று வருஷம் சங்கு குளித்தவன். மூன்று வருஷமும் கயிறு பிடித்தது இன்னாசிதான்.

“உள்ள ஒருத்தர்தானா? வேற யாராவது கூட இருக்காங்களான்னு கேட்க முடியாதா?” என்றாள் மாளவிகா.

“ஒரு கயித்துல ரெண்டு பேரு எறங்க மாட்டாவ மேடம். அதக் கேக்க இதுல வழியுமில்ல” என்றார் இன்னாசி. கேட்கவும் தோன்றவில்லை அவருக்கு.

அந்த இரும்புக்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. வேலைக்காரர்கள் தையல் இரும்பு என்றார்கள். தகட்டுக்குள் பொடிப்பொடியாக ஏதோ கலந்திருக்கிறார்கள். கப்பலின் மின்கலங்களிலிருந்து மெல்லிய மின்சாரம் எப்போதும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே கீறல் விழுந்தாலும் பக்கத்து இரும்பு நகர்ந்து வந்து தைத்துவிடும். பாறையில் மோதினாலும் மூழ்காத கப்பல் என்று விளம்பரம் செய்தார்கள். மூழ்கவில்லைதான். கவிழும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரெக்ஸ்லின் உயிரோடு இருப்பதற்கும் அந்த இரும்புதான் காரணம், வெளியே வர முடியாததற்கும் அதுதான் காரணம். கண்ட்ரோல் ரூம் சுவர் விரிந்த இடத்தைத் தைத்துத் தண்ணீரை நிறுத்தியது. கையோடு கதவு இடுக்கையும் காயம் என்று நினைத்துத் தைத்துவிட்டது. முக்குளிப்பவர்கள் வழிதேடி உள்ளே போனபோது கதவு இருந்த இடத்தில் சுவர்தான் இருந்தது.

“மேலே ஒரு ஓட்டை போட்டு இறங்க முடியாதா?” என்று அதிகாரி ஒருவர் கேட்டார்.

“அந்த ரூமு கடல்மட்டத்துக்குக் கீழ ஐம்பதடியில கெடக்கு சார். அமுங்கிக் கெடக்க காத்துதான் தண்ணிய ஏறவிடாம பிடிச்சிட்டிருக்கு. மேல ஓட்டை போட்டா சோடா பாட்டிலத் தொறந்த கதைதான். காத்து போன வேகத்துல தண்ணி ஏறிரும். பிழைக்கப் பத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு. முன்பாதிய அறுத்துக் கடல்ல தள்ளிட்டு, பின்பாதிய அப்படியே தண்ணிக்கு மேல தூக்கணும். வேற வழியே கெடையாது.”

புதன்கிழமை அறுத்துப் பார்த்தார்கள். கப்பலின் இரண்டு பக்கமும் மிதந்து நின்ற பெரிய பாரந்தூக்கி மேடைகளிலிருந்து அறுப்புச் சங்கிலியை அடியில் கொடுத்து மேல்நோக்கி இழுத்தார்கள். ஆளுயரம் அறுத்து ஏறியதும் சங்கிலி நகராமல் நின்றுவிட்டது. கீழே போய்ப் பார்த்தால், அறுத்த இடம் மூடியிருந்ததுமல்லாமல் சங்கிலியின் வளையங்கள் இரண்டை இரும்பு விழுங்கியும் இருந்தது.

“அதுக்கு ஆள் வேற, கப்பல் வேறன்னு தெரியாது சார்” என்றாள் மாளவிகா, ஏதோ தான் செய்த தப்பு மாதிரி. “இடுக்கில எது இருந்தாலும் அதையும் சேர்த்துத் தைச்சுடும்.”

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். முகத்தைப் பார்த்தால் தூங்கினவள் மாதிரி இல்லை.

“தையலை நிறுத்த ஒரு வழி இருக்கு. மின்சாரத்தை எதிர்ப்பக்கமா ஒரு அதட்டு அதட்டினா போதும். கப்பல் முழுக்க அந்தப் பொடி செத்துடும். அப்புறம் இது சாதாரண இரும்பு. ஒன்பது மணி நேரத்துல அறுத்துடலாம். ஆனா ஒரு இடத்துல மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்தினா மொத்தமா நிறுத்தணும், திரும்ப உயிர் கொடுக்கவும் முடியாது.”

“அந்த ரூமு?”

“அந்தத் தையல் ரொம்ப மெல்லிசு. நிமிஷத்துக்கு நிமிஷம் தைச்சுக்கிட்டே இருக்கிறதாலதான் நிக்குது. நிறுத்தினா, சங்கிலி அதிர்ச்சியில பிளந்துக்கும். அஞ்சு மணி நேரத்துல ரூம் நிறைஞ்சுடும்னு கணக்கு.”

“ஒன்பது மணி நேரம் அறுக்கணும். அஞ்சு மணி நேரத்துல நெறஞ்சிரும்.”

“ஆமா சார். என் கணக்கு தப்பாகூட இருக்கலாம்.” அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். “தப்பா இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன்.”

இன்னாசி முன்பாதியைப் பார்த்தார். நேற்று மணிக்கு ஒரு சாண் வழுக்கியது, இன்றைக்கு மணிக்கு ஒரு முழம். சாயங்காலத்துக்குள் மொத்தக் கப்பலும் ஆழத்துக்குப் போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. அறுக்காவிட்டால் மச்சான் நிச்சயம் சாவான். அறுத்தால் ஒருவேளை சாக மாட்டான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம், சொல்கிறவனுக்குத் தங்கச்சி இல்லையென்றால். அவனிடமே கேட்டுவிடலாம் என்றால் கயிற்றுப் பேச்சில் மூன்றே வார்த்தை. உன் உயிரைப் பணயம் வைக்கட்டுமா என்று அதில் எப்படிக் கேட்பது?

“ஒரு நெபந்தன மேடம்” என்றார். “கால் மணிக்கு ஒருதரம் சங்கிலிய அர நிமிசம் நிறுத்துவோம். நான் தட்டுவேன், அவன் தட்டணும். மூணு தட்டினாலோ, தட்டே வரலன்னாலோ, அந்த எடத்துலயே அறுக்கிறத விட்டுட்டு மேல ஓட்டை போடுவேன். பத்துல ஒண்ணுன்னாலும் போடுவேன்.”

“பாதி அறுத்த கப்பலை விட்டா முறுக்கிக்கிட்டு அப்படியே போயிடும் சார். அந்தப் பத்துல ஒண்ணுகூட இருக்காது.”

“தெரியும். இருந்தாலும் கயிறு என் கையில இருக்கும்போது நான் பாத்துட்டு நிக்க மாட்டேன்.”

ஆறரைக்கு மாளவிகா பெட்டியில் இருந்த சாவியைத் திருப்பினாள். கப்பல் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மெல்லிய ரீங்காரம் சட்டென்று நின்றது. அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சங்கிலி இழுபடத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. பல்லைக் கூசவைத்து முதுகெலும்பில் ஏறியது. மேடையில் நின்றவர்கள் ஜாடையில்தான் பேசிக்கொண்டார்கள். கால் மணிக்கு ஒருதரம் சத்தம் நிற்கும். இன்னாசி தட்டுவார். உள்ளிருந்து ஒன்று வரும். உடனே சங்கிலி மறுபடி ஓடும். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. வெயில் ஏறியது. மேடையில் கொண்டுவந்து வைத்த இட்லியை யாரும் தொடவில்லை. இன்னாசி ஒவ்வொரு தடவையும் சுத்தியலை ஓங்கும்போது மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டார். பதில் தட்டு கேட்ட பிறகு மாதாவுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டு அடுத்த கால் மணிக்குப் பயப்பட ஆரம்பித்தார்.

பதினொன்றரை ஆயிற்று. ஐந்து மணி நேரம் முடிந்துவிட்டது. அப்போதும் ஒன்று வந்தது, பலமில்லாமல். மாளவிகா கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொன்றே முக்காலுக்கு இன்னாசி தட்டினார். ஒன்றும் வரவில்லை. அரை நிமிஷம் போயிற்று. மறுபடி தட்டினார். வரவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று.

“அறுத்தது போதும்!” என்று கத்தினார். “சங்கிலிய அவுத்து வுடுங்கலே! கேஸ் கட்டர எடுத்துட்டு வா!”

சங்கிலிக்காரர்கள் விசையில் கை வைத்துவிட்டார்கள். அப்போதுதான் ஹெட்போனில் ஒரு தட்டு கேட்டது. அவசர அவசரமாக, உரக்க, ஒன்று. பிறகு அமைதி.

இன்னாசி கையை ஆட்டினார், ஓட்டு என்று.

மாளவிகா கருவியின் திரையைக் காட்டினாள். “சார், சத்தம் வர்ற இடம் மாறியிருக்கு. முன்னாடி ரூமோட அடிமூலையிலிருந்து வந்துச்சு. இப்ப ஏழெட்டு அடி மேல.”

“தண்ணி ஏறுதுல்லா? அவனும் ஏறிட்டான்” என்றார் இன்னாசி. மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். “மூச்சடக்குறதுல அவன அடிச்சுக்க எங்க ஊர்ல ஆளு கெடையாது. அந்தால ஏறிப் புடிச்சிருப்பான் பாருங்க.”

பன்னிரண்டு மணிக்கு ஜெனோவா கூப்பிட்டாள். துறைமுகத்தில் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணே, தட்டுறாவளா?”

“தட்டுதாம்மா. இப்பத்தான் தட்டுனான். நல்லா சத்தமாவே தட்டுதான்.”

“சத்தியமா?”

“என் பிள்ளைவ மேல சத்தியமா.”

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. “பிடிச்ச பிடிய விட்டுராதண்ணே” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தட்டும் தவறவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட ஒழுங்காக வந்தது. இன்னாசியின் சுத்தியல் விழுந்த மறுநொடியே பதில் வந்தது. மூன்றரை மணிக்குச் சங்கிலி மேல்விளிம்பை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. முன்பாதி ஒரு முனகலோடு பிரிந்து, திட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று, கல்லோடு ஆழத்துக்குள் போய்விட்டது. அது கிளப்பிய அலையில் மேடையே ஆடியது. பின்பாதி அசையவில்லை. யாரோ விசிலடித்தார்கள். இன்னாசி திரும்பிப் பார்த்த பார்வையில் விசில் நின்றுபோயிற்று.

பாரந்தூக்கி மேடைகள் பின்பாதியை அங்குலம் அங்குலமாகத் தூக்கின. பக்கமெல்லாம் தண்ணீர் கொட்டியது. நாலரைக்குக் கண்ட்ரோல் ரூம் கடல்மட்டத்துக்கு மேலே வந்தது. இன்னாசி கட்டரை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு அவரே அறுத்தார். தகடு விழுந்ததும் உள்ளே எட்டிப்பார்த்து, “மச்சான்!” என்றார்.

மார்பளவு தண்ணீரில், கவிழ்ந்த மேஜையொன்றின் காலைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரும் கையுமாக ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பின் பார்த்திராத முகம்.

“நீங்க யாரு?” என்றார் இன்னாசி.

“சமையல்காரனுங்க. கலியமூர்த்தி.” பல் கிட்டித்து அவருக்குப் பேச்சு துண்டு துண்டாக வந்தது. “எஞ்சினியர் சாருக்குப் பிளாஸ்க்குல டீயும் பிஸ்கட்டும் கொண்டாந்தேங்க. அப்பதான் கவுந்துச்சு.”

“ரெக்ஸ்லின் எங்க?”

கலியமூர்த்தி தண்ணீரைப் பார்த்தார்.

வெளியே தூக்கிக் கம்பளியைச் சுற்றி உட்காரவைத்த பிறகு அவர் சொன்னார்.

“மொத நாளே அந்தக் கீழ்மூலையில சுவரு பொளந்துக்கிச்சுங்க. தண்ணி பீச்சி அடிக்குது. சாரு சட்டையக் கழட்டிக் கையில சுத்திக்கிட்டு, கைய அப்பிடியே பொளவுக்குள்ள உட்டு அடைச்சிட்டாரு. கொஞ்ச நேரத்துல அந்த இரும்பு வந்து மூடிக்கிச்சு. கையோட சேத்து மூடிக்கிச்சுங்க, முழங்கை வரைக்கும். மூணு நாளும் அந்த மூலையிலதான் குந்தியிருந்தாரு. நாந்தான் பிஸ்கட்ட டீயில நனைச்சு ஊட்டுவேன். எடது கையால தட்டுவாரு.”

“காலைல அந்த ரீங்காரம் நின்னுச்சில்ல, அப்பவே அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. ‘என் மச்சான் அறுக்கப் போறான்’னாரு. சிரிச்சாருங்க. அப்புறம் கையச் சுத்தி இருந்த இரும்பு விண்டு தண்ணி கசிய ஆரம்பிச்சிது. நான், கைய உருவிக்கலாம் சார், ரெண்டு பேரும் மேல ஏறிக்கலாம்னேன். ‘இப்ப இழுத்தா வந்துரும். ஆனா உருவுனா கால் மணியில ரூமு நெறஞ்சிரும், அறுத்து முடிக்க இன்னும் எத்தன மணியோ’ன்னுட்டாரு. தண்ணி ஏற ஏற அவரு குந்துன எடத்துலயே...”

அவர் முகத்தைக் கம்பளியில் புதைத்துக்கொண்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கவில்லை.

“கழுத்துக்கு வந்தப்ப ஸ்பேனர என் கையில குடுத்தாரு. ‘அவன் ஒண்ணு தட்டுனா நீ ஒண்ணு தட்டு. மூணு மட்டும் தட்டாத. நிறுத்தாத. தட்டு வரலன்னா அவன் சங்கிலிய நிறுத்திருவான். தங்கச்சி புருசன வுட்டுட்டு அறுக்க மாட்டான். நிறுத்துனா நீயும் போயிருவ’ன்னாரு. அதான் அவரு பேசுன கடைசிப் பேச்சு. மொத தடவ எனக்குக் கை வரலிங்க. அவரு தண்ணிக்குள்ள இருக்காரு, நான் எப்பிடித் தட்டுறது? நீங்க ரெண்டாந்தரம் தட்டுனப்பறம்தான்...”

மாளவிகா எழுந்துபோய் மேடை விளிம்பில் நின்றுகொண்டாள். பதினொன்றே முக்காலில் தான் சிரித்தது இன்னாசிக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் அவர் தன் வலது கையையே கொடுத்திருப்பார்.

ஜெனோவா துறைமுகப் படகில் வந்து ஏறினாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“பன்னண்டு மணிக்கு இருக்காவன்னு சத்தியம் பண்ணுனியே?”

“அப்ப இல்லம்மா. அதுக்கு முன்னாலயே போயிட்டான். எனக்குத் தெரியல ஜெனோ. சத்தியமாத் தெரியல.”

“அவிய தட்டலன்னு தெரிஞ்சிருந்தா நிறுத்திருப்பியா?”

“நிறுத்திருப்பேன்.”

“நிறுத்திருந்தா?”

இன்னாசியின் கண் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த கலியமூர்த்தியின் பக்கம் போனது. ஜெனோவாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு அண்ணனின் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்து அடித்து அழுதாள். அவ்வளவு பெரிய கடலில் அந்த ஒரு சத்தம்தான் கேட்டது. அவர் வாங்கிக்கொண்டு நின்றார்.

ஓய்ந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கலியமூர்த்தியிடம் போனாள். அவர் எழுந்து அவள் காலில் விழப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஒங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?”

அவர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே இருபது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

மாளவிகா கப்பல் ஆட்களின் பட்டியலில் எண்ணைத் தேடி எடுத்தாள். ஜெனோவாவே போட்டாள். மறுமுனையில் நிறையப் பேர் பேசும் சத்தமும், யாரோ ஒப்பாரி வைப்பதும் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது, அழுது கட்டிப்போன குரல்.

“கப்பல் ஆபீஸுங்களா? பாடி கெடச்சிருச்சுங்களா?”

ஜெனோவா கலியமூர்த்தியைப் பார்த்தாள்.

“பாடி இல்லம்மா, ஒங்க வீட்டுக்காரரே இருக்காரு” என்றாள். “இந்தா, பேசுங்க.”

கலியமூர்த்தி கையை நீட்டினார். நாலு மணி நேரம் ஸ்பேனரைப் பிடித்திருந்த விரல்கள் விரியவும் இல்லை, மடங்கவும் இல்லை. அதனால் அவளே போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.